முற்றவெளியின் நினைவு

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நகருக்கும் இடையில் விரிந்து கிடக்கும் நிலத்தை முற்றவெளி என்கிறோம். பெயரில் வீட்டு முற்றத்தின் நெருக்கம் இருக்கிறது. ஆனால் கோட்டைகளைச் சுற்றி வெளி விடப்பட்டது பீரங்கியின் பார்வைக்காக. நெருங்கும் எதிரி ஒளிந்துகொள்ள ஒரு சுவரும் இருத்தலாகாது என்பது அக்கால விதி.

1619இல் நல்லூர் அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் கடலோரத்தில் கோட்டை எழுப்பினர். 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினர். உள்ளே 1706இல் சிலுவை வடிவிலான தேவாலயம் ஒன்றையும் அமைத்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு இலங்கை வருகையை நினைவுகூர, ஸ்மிதர் வடிவமைத்த மணிக்கூட்டுக் கோபுரம் 1882இல் எழுந்தது.

இவையெல்லாம் ஆள வந்தோர் கட்டியவை. நாம் நமக்கெனக் கட்டியது நூலகம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சாயலில் வரைந்த அந்த வெண்ணிறக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. பீரங்கிக்கு விடப்பட்ட வெளியின் அயலில் மக்கள் படிக்க வந்தார்கள். வெளி உண்மையாகவே முற்றமாயிற்று.

அது நீடிக்கவில்லை. 1974 தை 10ஆம் நாள், நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்வில் இவ்விடத்தில் உயிர்கள் பலியாயின. 1981இல் நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. போர் மூண்டபின் கோட்டை மறுபடியும் கோட்டையாயிற்று. 1990இன் முற்றுகையில் ஒல்லாந்தர் தேவாலயம் இடிந்தது.

இன்று நூலகம் பழைய தோற்றத்தில் நிற்கிறது, மணிக்கூடும் திருத்தப்பட்டுவிட்டது. தேவாலயம் மட்டும் கற்குவியல். எரிந்த நூலகத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்று அன்று வாதிட்டோர் உண்டு. பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்போர் பக்கமே நானும் நின்றேன். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து வரும் ஓர் இளைஞருக்கு அந்த வெண்சுவர் தீயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இடிந்த தேவாலயமோ, கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அயலில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட பண்பாட்டு மையமும் இப்போது உயர்ந்து நிற்கிறது. கட்டுவோம், தடையில்லை. எதன்மேல் கட்டுகிறோம் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். சுவர் மறைப்பதை நாம்தான் வாய்திறந்து சொல்லவேண்டும்.