ஒரே புல்வெளி, இரண்டு பெயர்கள்

தில்லி கோல்ஃப் கிளப்பின் மைதானத்தை வடிவமைத்தவர் பீட்டர் தாம்சன் என்றது ஒரு குறிப்பு. கேரி பிளேயர் என்றது இன்னொன்று. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். எது என்று பார்க்க நேரமும் கிடைத்தது: குற்றாலத்தில் சீசன், தண்ணீர் வரத்து கூடியதால் மெயினருவியில் குளிக்கத் தடை. தென்காசி வீட்டுக்குத் திரும்பி, வெளியே சாரல் தூற, காகிதங்களைப் பரப்பினேன்.

முதலில் ஆட்களைப் பிடித்தேன். இருவருமே வடிவமைப்பாளர்களாக மாறிய ஆட்டக்காரர்கள். தாம்சன் மெல்போர்னில் 1929-இல் பிறந்தவர். பிளேயர் ஜோகன்னஸ்பர்க்கில் 1935-இல். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டியலில் 1954, 1955, 1956 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாம்சன். 1958-இல் மறுபடியும் அவரே. அடுத்த வரி, 1959: பிளேயர்.

அந்த இரண்டு வரிகளும் என்னைப் பின்னோக்கி இழுத்தன. இவர்கள் ஒரே களத்தில் நின்ற தடம் வேறெங்கே இருக்கிறது? 1956, ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன். முதலிடம் தாம்சன்; நான்காமிடம் இருபது வயதுப் பிளேயர். 1965-இல் தடம் சுற்றுவழியில் வந்தது. அந்த ஜூனில் பிளேயர் அமெரிக்க ஓப்பனை வென்றது கெல் நாகிளைத் தோற்கடித்து. 1954-இலும் 1959-இலும் தாம்சனோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குக் கனடா கோப்பையை வாங்கித் தந்தவர் அந்த நாகிள். ஜூலையில் தாம்சன் தன் ஐந்தாவது பிரிட்டிஷ் ஓப்பனை எடுத்துக்கொண்டார்.

அடுத்து இந்தியப் பட்டியல். முதல் இந்திய ஓப்பன் 1964-இல், தில்லியில். வென்றவர் தாம்சன். 1966, 1976 ஆண்டுகளுக்கு நேரேயும் அவர் பெயர். ‘தான் போட்ட மைதானத்தில் தானே ஜெயித்திருக்கிறார்’ என்று பென்சிலால் எழுதினேன்.

மைதானத்தின் வரலாற்றைப் பார்த்ததும் அந்த வரியை அழிக்க வேண்டியதாயிற்று. தாம்சன் அதைத் திருத்தி அமைத்தது 1976-77-இல். 1964-இல் அவர் ஆடியது வேறு யாரோ போட்ட புல்வெளியில். முதலில் பந்தோடு நடந்து அந்த மண்ணைப் படித்தார். வரைபடத்தோடு வந்தது பிறகுதான். இருபுறமும் புதர் நெருக்கும் ஒடுங்கிய பாதைகள், நடுவே பழங்காலக் கல்லறை மண்டபங்கள். ஓங்கி அடிப்பவனைவிட இடம் பார்த்து வைப்பவனுக்கு இணங்கும் நிலம். தாம்சனின் ஆட்டமும் அப்படித்தான்: கணக்கு முந்தும், பலம் பிந்தும்.

அப்படியானால் பிளேயர் பெயரைச் சொன்ன குறிப்பு? அதுவும் பொய்யில்லை. லோதி மைதானம் என்று அழைக்கப்படும் அதே பதினெட்டுக் குழிகளை மறுபடி வடிவமைத்தவர் பிளேயர். வேலை முடிந்தது 2019-இல். தாம்சன் இறந்தது 2018 ஜூன் 20. ஹாய்லேக்கில் மூன்று இடம் பின்னால் நின்ற பையன், அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய மண்ணைக் கிளறியிருக்கிறான். பார்த்து ஒரு வார்த்தை சொல்ல அவர் இல்லை. அவர்களுடைய கடைசிச் சந்திப்பு என்று நான் குறித்துக்கொண்டது இதைத்தான்.

இதையெல்லாம் டீக்கடையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். “சரி தம்பி, மைதானம் யாருடையதுன்னு எழுதப் போற?” என்றார். நான் முழித்தேன். அவர் கோபுரத்தைக் காட்டினார்.

எங்கள் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பியவர் பராக்கிரம பாண்டியர். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரமோ, பழையது சிதைந்து மொட்டையாக நின்றபின் எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அந்த ராஜாவே இதை எதிர்பார்த்தவர்தான். பின்னாளில் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இரண்டு குறிப்புகளையும் எடுத்தேன். எதையும் அடிக்கவில்லை. தாம்சன் பெயருக்குப் பக்கத்தில் 1976-77 என்றும், பிளேயர் பெயருக்குப் பக்கத்தில் 2019 என்றும் எழுதினேன். குறிப்புகளில் விடுபட்டிருந்தது ஆண்டு மட்டும்தான்.