குடித்தொகைச் சமன்பாடும் மலையகத் தமிழரும்: குடித்தொகைப் புவியியற் கல்வி குறித்துச் சில சிந்தனைகள்

குடித்தொகைப் புவியியலைப் பல்கலைக்கழகத்திற் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் எதிர்கொள்வது ஓர் எளிய சமன்பாடாகும். ஒரு பிரதேசத்தின் தொகை பிறப்பினாலும் உட்பெயர்வினாலும் கூடும். இறப்பினாலும் வெளிப்பெயர்வினாலும் குறையும். 1953 இல் அமெரிக்கப் புவியியலாளர் திரிவார்த்தா இத்துறையைத் தனிக் கிளையாக வளர்க்க வேண்டுமென வாதிட்டதன் பின்னர் எழுந்த பாடநூல்கள் பலவும் இதனையே அடித்தளமாகக் கொண்டன. சமன்பாட்டிற் பிழையில்லை. ஆயின், இரு கணக்கெடுப்புகளுக்கிடையில் எண்ணப்படுவோரின் பெயரே மாறிவிடின் அது எதனைக் காட்டும்? இலக்கிய மாணவராகிய நாம் இவ்வினாவை எழுப்புவது எல்லை மீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும், குடிசன மதிப்பறிக்கையும் ஒருவகை நூலே. அதற்கும் ஆக்கியோர் உண்டு, ஆக்கப்பட்ட சூழலும் உண்டு.

இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் நடைபெற்றது. பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பேற்று நடத்திய 1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரையில் தமிழர் அனைவரும் ஒரே இன நிரலில் அடங்கினர். 1911 இலேயே ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு நிரல்கள் தோன்றின. அவ்வாண்டில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சம அளவினராய், ஒவ்வொன்றும் ஐந்து இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டோராய் இருந்தனர்.

இப்பிரிப்பு நிகழ்ந்த காலம் மனங்கொள்ளத்தக்கது. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்து வந்து, அறுவடை முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பெண்களின் உழைப்பையும், குடும்பமாக லயங்களில் நிலைத்திருக்கும் தொழிற்படையையும் வேண்டி நிற்பது. எனவே, பொருளுற்பத்தி முறை அவர்களை இந்நாட்டின் நிரந்தரக் குடிகளாக்கிக் கொண்டிருந்த வேளையிலேயே கணக்கெடுப்பு அவர்களுக்கு அந்நியர் என்னும் பெயரைச் சூட்டிற்று எனலாம்.

இதனை விளக்கப் பாடநூல்கள் தருவது 1966 இல் எவரெட் லீ வகுத்தளித்த தள்ளும், இழுக்கும் காரணிகள் பற்றிய கோட்பாடு. 1876–78 பஞ்சம் தள்ளியது, தோட்டக் கூலி இழுத்தது என்று எழுதிவிட்டால் விடைத்தாளுக்குப் புள்ளி கிடைத்துவிடும்! பஞ்ச காலத்தில் தானியத்தை ஏற்றுமதி செய்த ஆட்சியும், முற்பணக் கடனால் தொழிலாளியைக் கட்டிவைத்த கங்காணி முறையும் அவ்விரு சொற்களுக்குள் மறைந்து போகின்றன. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்த மாணவன் இவ்வளவு எளிதில் அமைதியடையமாட்டான்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பகிர்ந்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென ஒதுக்கியது. ‘இயற்கை அதிகரிப்பு’ என்ற குடித்தொகையியற் சொல்லும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றது. பிறக்கப்போகும் குழந்தைகளும் அவ்வாறே பங்கிடப்பட்டனர்.

இனிப் புள்ளிவிபரத்தை நோக்குவோம். 1971 இல் 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981 இல் 818,656 ஆகக் குறைந்தது. தாயகம் திரும்பியோரே இதற்குப் பிரதான காரணம் என்பதில் ஐயமில்லை. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு உயர்ந்ததையும் மறத்தலாகாது. ஆனால் அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் தொகை ஏறத்தாழ 14.2 இலட்சத்திலிருந்து 18.9 இலட்சமாயிற்று. நாட்டின் மொத்தத் தொகை சுமார் 17 சதவீதமே வளர்ந்திருக்க, இந்நிரல் மூன்றிலொரு பங்கு வளர்ந்தமைக்குப் பிறப்பு வீதம் மட்டும் காரணமாகாது. பிரசாவுரிமை பெற்றோருட் பலரும், 1977 வன்செயலின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறியோருட் பலரும் தம்மை இலங்கைத் தமிழராகவே பதிவுசெய்தனர். சமன்பாடு அறியாத ஐந்தாவது உறுப்பு இதுவே.

தேயிலை மாவட்டங்களை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர், அட்டவணைகளுடன் தோட்டப் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் பிரட்டுக்களத்துப் பெயரேடுகளையும் ஒப்புநோக்கல் வேண்டும். குறைந்துபோனோருள் எத்தனை பேர் தலைமன்னாரிற் கப்பலேறினர், எத்தனை பேர் அதே லயத்தில் இருந்தவாறே மற்றொரு நிரலுக்குப் பெயர்ந்தனர் என்பது அங்கிருந்துதான் புலப்படும்.