உரிக்கும் முன் ஒரு முறை படியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டுக்கு மான்ட்ரியல் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வெளியே முழங்கால் அளவு பனி. போன வாரம் பேரன் ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்கி வந்தான். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் இரண்டு சறுக்குப் பட்டைகள், அடியில் ராணுவ டாங்கிக்கு இருப்பதுபோல் சுழலும் ரப்பர் பட்டை, மேலே மோட்டார் சைக்கிள் போல இருக்கையும் கைப்பிடியும். இதற்குச் சாலை வேண்டாம், பனி போதும்.

வண்டி முழுக்க ஸ்டிக்கர். இரண்டு பக்கமும் கம்பெனிப் பெயர், மின்னல் கோடுகள், எஞ்சின் அளவு, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எச்சரிக்கைகள். "தாத்தா, காசு கொடுத்து வாங்கினது நான். அவங்க விளம்பரத்தை நான் எதுக்குச் சுமக்கணும்?" என்றான். நியாயமான கேள்விதான். இருவரும் வேலையில் இறங்கினோம்.

முதல் பாடம் உடனே கிடைத்தது. குளிர்ந்த ஷெட்டில் நகத்தால் கிள்ளினால் ஸ்டிக்கர் அப்பளம் போல நொறுங்கியது. மகளின் ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டி, ஓரத்தைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி, மெதுவாக இழுத்தபோது நீளமாக உரிந்து வந்தது. அவசரப்பட்டு அதிகம் சூடாக்கிய இடத்தில் படம் மட்டும் வந்தது, பசை அங்கேயே தங்கிவிட்டது.

ஏன் இப்படி? நாம் போஸ்டர் ஒட்டும் மைதா பசை காய்ந்து இறுகிப் பிடிக்கும். ஸ்டிக்கர் பசை கடைசிவரை காய்வதே இல்லை. பாதி திரவம், பாதி திடம். அழுத்தினால் மெல்லப் பரவிப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். அளவுக்கு மீறி இளகினால் தனக்குள்ளேயே அறுந்து, பாதி ஸ்டிக்கரோடும் பாதி வண்டியோடும் போய்விடும். வருடக்கணக்கில் வெயில் பட்ட ஸ்டிக்கரில் மேல்தாளும் இறுகிவிடுவதால் வேலை இரட்டிப்பு.

மிச்சப் பசைக்குப் பேரன் நெயில் பாலிஷ் ரிமூவர் எடுத்தான். நான் தடுப்பதற்குள் ஒரு சொட்டு முன்கண்ணாடியில் விழுந்தது. அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்ட இடம் பால் போல வெளுத்தது, வெளுத்ததுதான். பிறகு நம் ஊர் வைத்தியம். பலாச்சுளை எடுக்கும்போது கையில் ஒட்டிய பாலை எதைக் கொண்டு போக்குவோம்? எண்ணெய்தானே! சமையலறைத் தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, துணியால் உருட்டி எடுத்து, சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம். சுத்தம்! எதைத் தடவினாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் தடவிப் பார்ப்பது நல்லது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மாஸ்கிங் டேப்பின் வரலாறே உரிக்கும் கவலையில்தான் தொடங்கியது. 1920-களில் அமெரிக்காவில் இரண்டு வண்ணக் கார்கள் மோகம். ஒரு வண்ணம் அடிக்கும்போது மற்ற பகுதியை மறைக்க ஒட்டிய தாளை உரித்தால் பெயிண்டும் கூடவே வந்தது. பெயிண்டர்கள் படும் பாட்டைப் பார்த்த 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925-இல் சேதமில்லாமல் உரியும் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். 1935-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டான்டன் ஏவரி என்ற இளைஞர், பின்னாளில் மனைவியான பெண்ணிடம் 100 டாலர் கடன் வாங்கி, வாஷிங் மெஷின் மோட்டாரையும் தையல் மெஷின் பாகங்களையும் சேர்த்து ஓர் இயந்திரம் செய்து, தானே ஒட்டிக்கொள்ளும் லேபிள்களை விற்றார். அவர் வைத்த பெயர் 'கம் க்ளீன்'. சுத்தமாக வந்துவிடும் என்பதே விளம்பரம்! பிறகு மழை, வெயில், பனி எல்லாம் தாங்க வேண்டும் என்று பசைகள் வலுத்தன. அந்த வாக்குறுதி மட்டும் வழியில் எங்கோ உரிந்து விழுந்துவிட்டது.

வண்டியின் கதை இதைவிட ஆழமானது. மான்ட்ரியலுக்குக் கிழக்கே வால்கூர் என்ற சிற்றூர். 1907-இல் பிறந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற பையன், 15 வயதில் அப்பா கொடுத்த பழைய ஃபோர்டு எஞ்சினில் மரக்காற்றாடி பொருத்திப் பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தான். காற்றாடியின் ஆபத்தைப் பார்த்த அப்பா, அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார்.

பையன் வளர்ந்தார். ஊரிலேயே பட்டறை வைத்தார். குளிர்காலம் முழுக்கப் பனிவண்டிச் சோதனை. அந்நாளில் கியூபெக் கிராமச் சாலைகளில் பனி அகற்ற ஆள் கிடையாது. குதிரை பூட்டிய சறுக்குவண்டிதான் கதி. 1934 குளிர்காலத்தில் அவருடைய மகன் இவோனுக்கு, இரண்டே வயது, குடல்வால் வெடித்தது. மருத்துவமனை இருந்தது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஷெர்ப்ரூக்கில். வழியெல்லாம் பனி. பட்டறையில் இருந்த வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்து சுழலும் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1937-இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பி-7, பிறகு பன்னிரண்டு பேர் அமரும் பி-12. அவை ஆம்புலன்ஸாகவும் பள்ளி வண்டியாகவும் தபால் வண்டியாகவும் ஓடின. ஒருவர் இருவர் ஏறும் சிறிய வண்டி 1959-இல் சந்தைக்கு வந்தது. முதலில் செய்தவற்றில் ஒன்று வட ஒன்டாரியோவில் பழங்குடி மக்களிடையே பணிபுரிந்த ஒரு பாதிரியாருக்குப் போனது. நாய்கள் இழுத்த சறுக்குவண்டிக்கு மாற்று என்பதால் 'ஸ்கி-டாக்' என்று பெயர் நினைத்திருந்தார்கள், அச்சுப்பிழையால் அது 'ஸ்கி-டூ' ஆயிற்று என்று சொல்வார்கள். ஒரு ஸ்டிக்கரில் உள்ள பெயரே பிழையில் பிறந்தது பாருங்கள்!

1964-இல் அவர் காலமானார். அதன்பின் வண்டி விளையாட்டாகவும் பந்தயமாகவும் மாறியது. வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஸ்னோமொபைல் செய்தன. இன்று மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மறைந்துபோன கம்பெனியின் வண்டி ஒன்று கொட்டகையில் கிடைத்தால், அது எந்த ஆண்டு, எந்த மாடல் என்று சேகரிப்பவர்கள் ஸ்டிக்கரின் எழுத்தையும் கோட்டையும் பார்த்தே சொல்வார்கள். நமக்குக் கல்வெட்டு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லிக்கொண்டே உரித்தோம். மின்னல் கோடுகள் போயின, கம்பெனிப் பெயர் போயிற்று. அடுத்து அவன் ரப்பர் பட்டைக்குப் பக்கத்திலிருந்த மஞ்சள் ஸ்டிக்கரில் கை வைத்தான். எஞ்சின் ஓடும்போது கையைக் கொண்டுபோகாதே என்ற எச்சரிக்கை.

"இது வேண்டாம்ப்பா" என்றேன்.

"இதுவும் ஸ்டிக்கர்தானே தாத்தா?"

"நாளைக்கு நீ இந்த வண்டியை இன்னொருத்தனுக்கு விற்பே. அவன் வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கும்."

விட்டுவிட்டான். தொழிற்சாலை எண் பொறித்த தகட்டையும் தொடவில்லை. விளம்பரத்துக்கும் ஆவணத்துக்கும் வித்தியாசம் புரிந்துவிட்டது.

எனக்கு அது எப்போது புரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தலைமையாசிரியராக இருந்தபோது, ஆண்டாய்வுக்கு முன் பள்ளி பீரோக்களில் இருந்த பழைய சீட்டுகளையெல்லாம் சுரண்டச் சொன்னேன். உங்களில் சிலர்தான் ஈரத்துணியும் பிளேடுமாக அந்த வேலையைச் செய்தீர்கள். மேலே பச்சை பெயிண்ட். ஆய்வாளர் பாராட்டிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா வந்தார். எட்டாம் வகுப்பில் காய்ச்சலில் இறந்துபோன மகன் நினைவாக, நான் வருவதற்கு முன்பே புத்தக பீரோ ஒன்று கொடுத்தவர். கதவில் அவன் பெயர் எழுதிய சீட்டு இருந்திருக்கிறது. அவர் கதவைத் தடவிப் பார்த்தார். "பெயிண்ட் நல்லா இருக்குங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே அந்தப் பெயரைப் பெயிண்டால் எழுதவைத்தேன். ஆனால் அவர் மறுபடி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வால்கூரில் உள்ள பொம்பார்டியே அருங்காட்சியகத்துக்குப் போனோம். சாலை முழுக்கப் பனி அள்ளிச் சுத்தமாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டோம். நான் பார்த்த எந்த வண்டியிலும் இவோன் என்ற பெயர் ஒட்டப்பட்டிருக்கவில்லை.

எதையாவது உரிக்கப் போகிறீர்களா? முதலில் படியுங்கள். ஒரு போட்டோ எடுங்கள். பிறகு சூடு காட்டுங்கள். எண்ணெய் கடைசியில்தான்.

அந்த வருடம் பீரோ சுரண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். தவறு உங்களுடையது அல்ல, சொன்னவனுடையது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்