வல்லாரையும் பிரமியும்: ஒரு மூலிகைப் பெயரின் வரலாறு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மலையூர் வட்டவடை. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம் வட்டம் தமிழகத்தோடு சேர வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. எனினும் அது கேரளத்திலேயே நின்றது. வீட்டுவழக்கில் தமிழும் ஆட்சியில் மலையாளமும் பயிலும் இத்தகைய எல்லைப்புறங்களில் ஒரே செடி இரண்டு மூன்று பெயர்களோடு வாழ்வது இயல்பு. ஈரநிலத்தில் கணுதோறும் வேர்விட்டுப் படரும் சிறுபூண்டாகிய வல்லாரை அதற்குத் தக்க சான்று. தமிழர் வல்லாரை என்பதை மலையாளிகள் குடங்ஙல், குடகன், முத்திள் என வழங்குவர். வடமொழி மருத்துவ நூல்கள் இதனை மண்டூகபர்ணி, அதாவது தவளையிலை, என்கின்றன.

தமிழ்ப் பெயரை 'வல்லவரை' எனப் பொருள்படப் பிரித்து நினைவாற்றலோடு இணைத்துக் கூறும் வழக்கு உண்டு. இது செடியின் புகழைக் கண்டு பின்னர்ப் புனைந்த விளக்கம் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆரை என்பது தனியே ஒரு நீர்க்கீரையின் பெயராதலின், வல்லாரை அதன் அடைபெற்ற வடிவம் எனக் கருதுவதே பொருந்தும். மலையாளப் பெயர்களோ குடம், குடை என்னும் சொற்களை நினைவூட்டி இலையின் வடிவைச் சுட்டுவன போலும்.

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் கூறிய செய்திகள் அதற்கு அடிப்படைகளுள் ஒன்று. அதன் பத்தாம் தொகுதியில் வல்லாரை மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. லின்னேயசு 1753இல் இதற்கு 'ஹைட்ரோகோடைல் ஏசியாட்டிகா' எனப் பெயரிட்டார். பேரினப் பெயரின் பின்பகுதி கிண்ணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மலையாளியும் கிரேக்கச் சொல்லை எடுத்தாண்டவரும் இலையில் ஒரே வடிவைக் கண்டனர் போலும். 1879இல் உர்பன் இச்செடியை 'சென்டெல்லா' என்னும் பேரினத்திற்கு மாற்றினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தமிழ்ப் பெயருக்கு எதிர்பாராத ஒரு வாய்ப்பு வந்தது. மொரீசியசு மருத்துவர் புவாலோ 1852 அளவில் தொழுநோய்க்கு இம்மூலிகையைப் பரிந்துரைத்தார். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு மருந்தியலாளர் லெப்பீன் 1855இல் இதனைப் பகுத்தாய்ந்து, கசப்பான எண்ணெய்த்தன்மைப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். உள்ளூர்ச் சொல்லைக் கொண்டே அதற்கு 'வெல்லரின்' எனப் பெயர் சூட்டினார். வேதியியல் கலைச்சொல்லுக்குத் தமிழ் வேர் வாய்த்த அரிய நிகழ்வு இது. அதே ஆண்டு சென்னையில் தன் ஆய்வறிக்கையை வெளியிட்ட அலெக்சாண்டர் ஹண்டர், மூலிகை பயன்தருவதாயினும் தொழுநோய்க்கு உரிய தனி மருந்தன்று என்னும் முடிவுக்கே வந்தார். 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்து நூலில் இது இடம்பெற்றது. வெல்லரின் என்னும் சொல் நிலைக்கவில்லை. 1941இல் மடகாசுகர்ச் செடியிலிருந்து பிரிக்கப்பட்ட பொருளுக்கு, சிற்றினப் பெயரைத் தழுவி 'ஏசியாட்டிகோசைடு' எனப் பெயர் அமைந்தது. புண் ஆற்றும் மருந்துகளில் இன்று இச்செடிக்குள்ள இடம் இவ்வழி வந்ததாகும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. அது 'பிராமி' என்னும் வடசொல். சரகர் அறிவு வளர்க்கும் நான்கு மருந்துகளைக் கூறுமிடத்து மண்டூகபர்ணியின் சாற்றையே குறிக்கிறார். ஆயின் பிற்காலத்துப் பாவப்பிரகாசம் பிராமியையும் மண்டூகபர்ணியையும் அடுத்தடுத்து வைத்து ஒத்த குணங்களைச் சொல்லவே, இரு பெயர்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கலாயின. வடஇந்தியாவின் பல பகுதிகளில் பிராமி என்றால் வல்லாரை. கேரளத்திலோ அச்சொல் நீர்ப்பிரமியையே சுட்டும். இரண்டும் ஈரநிலத்துப் படர்பூண்டுகள் என்பதன்றி உறவுடையன அல்ல. வல்லாரை கொத்தமல்லிக் குடும்பத்தது. நீர்ப்பிரமியோ சிறிய தடித்த இலைகளையுடைய வேறொரு குடும்பத்துச் செடி. முன்னதில் ஏசியாட்டிகோசைடு, பின்னதில் பேகோசைடு எனச் செயற்பொருளும் வேறு. இந்திய ஆயுர்வேத மருந்து நூல் பிராமியை நீர்ப்பிரமி எனவும், மண்டூகபர்ணியை வல்லாரை எனவும் பிரித்து வரையறுத்துள்ளது. எனினும் கடைச்சரக்கும் பழைய மொழிபெயர்ப்புகளும் அந்த வரையறைக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை.

இந்தி நூலொன்றின் 'பிராமி' தமிழில் பிரமி என்று எழுத்துப்பெயர்ப்பாக வந்தால், படிப்பவர் நீர்ப்பிரமியைப் பறிப்பார்; மூல ஆசிரியர் கருதியது வல்லாரையாக இருக்கலாம். மலையாள நூலின் 'பிரஹ்மி'யை வல்லாரை எனப் பெயர்த்தால் பிழை எதிர்த்திசையில் நேரும். இரண்டிலும் சொல்லுக்கு அகராதி ஆதரவு இருக்கும். நோயாளி அருந்துவது மட்டும் வேறு செடியாகும். ஆகவே மூலநூலின் வட்டாரம், அதில் கூறப்பட்ட இலைவடிவம், தயாரிப்புமுறை ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பெயரைத் துணிதல் வேண்டும். வட்டாரப் பெயர்கள் குழப்பம் தருவன என்று அறிவியல் நூலார் குறைகூறுவது வழக்கம். இங்கோ வல்லாரை, குடங்ஙல், நீர்ப்பிரமி என்னும் நாட்டுப் பெயர்கள் தெளிவாகவே நிற்கின்றன. நூல்வழக்கின் பொதுப்பெயரே மயக்கம் தந்தது.

இலங்கையில் தமிழர் வல்லாரை என்பதைச் சிங்களர் 'கொட்டுகொல' என்பர். 'கொல' என்பது இலை. ஏற்றுமதிச் சந்தையில் நிலைத்தது அச்சிங்களப் பெயரே. மேலைநாட்டார் சிலர் அதனைக் கோலாக் கொட்டையோடு தொடர்புபடுத்தி, இதிலும் காப்பியின் ஊக்கப்பொருள் உண்டென மயங்கியதும் உண்டு. அந்த ஆங்கிலச் சீட்டுகளைத் தமிழாக்குவோர் 'கோட்டு கோலா' என்றே எழுதிவிடுகின்றனர்.