வெப்பக் கணக்கும் நீர்க் கணக்கும்

நாஞ்சில் நாட்டுக் கடலோரத்து இராஜாக்கமங்கலம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது. அச்சீமையில் வெப்பத்தை அளந்தெழுதும் பணி பழமையானது. சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவினார். கால்டிகாட் அங்கே வெப்பநிலையைக் குறித்துவந்தார். பின்வந்த பிரவுன் 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அம்மலைத்தொடரின் நீரைக் கொணர்வதே கோதையாறு. 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை அதனைத் தேக்கி, நாஞ்சில் வயல்களுக்கு அளிக்கின்றது.

ஓராண்டுக் கணக்கால் வெப்பத்தின் போக்கு விளங்காது. நெடுங்காலக் குறிப்பே அதனைக் காட்டும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. வெப்பம் மிகுந்தால் அணைநீர் மிகுதியாக ஆவியாகும். பயிரின் நீர்த்தேவையும் பெருகும். அக்குறையை முதலில் உணர்பவன் கடைமடை உழவன். ஆதலின், மழைக் கணக்கோடு வெப்பக் கணக்கையும் சேர்த்தே நீர்ப்பங்கீடு வகுத்தல் வேண்டும்.