வாய்ப்பாடும் மனனமும்: 19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் கணக்குக் கல்வி

ஆய்வுச்சுருக்கம்

திண்ணைப் பள்ளிக் கல்வியைப் ‘பொருளறியா மனப்பாடம்’ என்று காலனிய அலுவலர்கள் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு மொழிப்பாடத்தைக் கண்டு எழுந்தது. எண்சுவடியை மையமாகக் கொண்ட கணக்குப் பாடத்தில் மனனம் ஆற்றிய பணி வேறு என்பதையும், அக்கல்வி எவருக்குக் கிட்டியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, எண்சுவடி, வாய்ப்பாடு, சட்டாம்பிள்ளை, மன்றோ கணக்கெடுப்பு

எண்ணிக்கையும் பாடமும்

சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாவட்ட ஆட்சியர்களிடம் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கோரினார். மாவட்டங்களிலிருந்து வந்த விடைகளைத் தொகுத்து, 1826 மார்ச் 10 அன்று தம் குறிப்பை எழுதினார். ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். வீட்டில் கற்போரையும் சேர்த்தால், பள்ளி வயதுச் சிறுவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஒருவகைக் கல்வி பெற்றனர் என்பது மன்றோவின் கணிப்பு.

இவ்வெண்களே பிற்காலத்தில் பெரும் விவாதப் பொருளாயின. 1931இல் இலண்டனில் உரையாற்றிய காந்தியடிகள், ஆங்கிலேயர் ஆட்சியில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றார். பிலிப் ஹார்டாக் அதை மறுத்தார். 1983இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்ட பின்னர் விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. ஆயினும் விவாதம் முழுவதும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்பதைச் சுற்றியே அமைந்தது. அப்பள்ளிகளில் அமர்ந்த சிறுவன் காலை முதல் மாலை வரை என்ன செய்தான் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மணலிலிருந்து ஓலைக்கு

திண்ணைப் பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி ஆகிய எதுவும் பள்ளியாகலாம். சிறுவன் முதலில் மணலைப் பரப்பி, ‘ஆனா, ஆவன்னா’ என வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினான். கண், வாய், விரல் மூன்றும் ஒருங்கே இயங்கின. எழுத்துப் படிந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. ஓலையில் எழுதியதை அழிக்க இயலாது. மணலில் எத்தனை முறையும் அழிக்கலாம். பிழை செய்து கற்கவேண்டிய பருவத்துக்கு மணலை ஒதுக்கியது சிக்கனம் மட்டுமன்று, நல்ல கல்விமுறையும் ஆகும்.

மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தான். ஆசிரியர் இல்லாதபோது பள்ளியை நடத்தியவன் சட்டாம்பிள்ளை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதியை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றியும் கண்டான். இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் வெளியிட்ட அறிக்கையின் வழியாக அம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்று அங்குள்ள ஏழைப் பள்ளிகளில் பரவியது. பெல் எடுத்துச் சென்றவை மணலும் சட்டாம்பிள்ளையும் மட்டுமே. அம்முறையால் இங்கு எது கற்பிக்கப்பட்டது என்பதில் அவருக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை, ஆட்சியர்களின் விடைகளுள் மிக விரிவானது. அம்மாவட்டம் தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி; ஆயினும் அவர் காட்டும் பள்ளி ஒழுங்கு தமிழகத் திண்ணைப் பள்ளியை ஒத்தது. முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடும். (கடைசியாக வருபவன் கணக்கில் பெருக்கலை அன்றே அறிந்திருப்பான்.) மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைக் காம்ப்பெல் பாராட்டினார், பாடநூல்களையே குறைகூறினார். பேச்சுமொழியினின்று விலகிய செய்யுள் நடையைப் பிள்ளைகள் பொருள் விளங்காமல் கிளிபோல் ஒப்பிக்கின்றனர் என்பது அவர் கருத்து. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. தமிழ்ப் பள்ளிகளிலும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் தொடங்கி நிகண்டு வரை முதலில் மனப்பாடம், பொருள் பிறகு என்பதே வழக்கம். ‘பிறகு’ வருமுன் பள்ளியை விட்டு நின்றவர் பலர்.

எண்சுவடியின் உள்ளமைப்பு

கணக்குப் பாடத்துக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. எண்சுவடியில் முழு எண்களின் பெருக்கலோடு பின்னங்களின் வாய்ப்பாடுகளும் இருந்தன. முந்திரி என்பது 1/320. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி (1/160). அதன் இருமடங்கு காணி (1/80). அதன் இருமடங்கு அரைமா (1/40). அதன் இருமடங்கு மா (1/20). மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. இந்தப் பெயரே ஒரு கூட்டல் கணக்கு: 1/20, 1/80 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 5/80. பொதுப் பகுதி காணும் வேலையைப் பெயரே செய்து முடித்துவிடுகிறது. 320 என்ற அடிப்படையும் தற்செயலன்று. அதை மீண்டும் மீண்டும் பாதியாக்கலாம், இருபதாகவும் பகுக்கலாம். கால், அரைக்கால், மாகாணி என்ற பாதிகளின் வரிசையும் இருபதில் ஒன்றாகிய மாவின் வரிசையும் அங்கே இணைகின்றன. நிலத்தில் இருபது மா ஒரு வேலி என்பதை நினைத்தால் இதன் பயன் விளங்கும்.

நெல்லிலக்கத்தில் அளவை வேறு. எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலம் 96 நாழி. ஒரு கலத்தில் மூன்று மாகாணிப் பங்கு எவ்வளவு என்று களத்தில் கேட்டால், 18 நாழி, அதாவது ஒரு பதக்கும் இரண்டு நாழியும் என்று வாய்ப்பாடு அறிந்த சிறுவன் உடனே சொல்வான். ஓலையைத் தேட அங்கு நேரமில்லை, நெல் அளந்துகொண்டிருக்கும்.

எண்சுவடியின் மற்றொரு கூறு அலகுநிலை. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் முடிவிலும் அதில் வந்த தொகைகளின் மொத்தம் தரப்பட்டு, அதுவும் மனனம் செய்யப்பட்டது. இரண்டாம் வாய்ப்பாட்டை ஒன்று முதல் பத்து வரை மட்டும் கொண்டால், மொத்தம் 110 வரவேண்டும். இடையில் ஒரு வரி பிசகினாலும் மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மனனத்துக்குள்ளேயே அதைச் சரிபார்க்கும் வழியும் வைக்கப்பட்டிருந்தது. கிளிக்கு இது இயலாது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வு செய்த செந்தில் பாபு, எண்சுவடி மனனத்தைக் கணக்கிடும் செயலின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும் என்று காட்டியுள்ளார். மேற்கண்ட அமைப்பு அதற்குச் சான்று.

நினைவைப் பயிற்றுவதில் வன்மை மட்டும் இருந்ததென்று சொல்ல முடியாது. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில், மாலையில் பூ, விலங்கு, ஊர் முதலியவற்றின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பி மறுநாள் கேட்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அதே திண்ணையில் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. கயிற்றில் தொங்கவிடப்பட்ட சிறுவனை வைத்து எந்தப் பொற்காலத்தையும் கட்டமுடியாது.

அளந்தவரும் அளக்கப்பட்டவரும்

மன்றோ கணக்கெடுப்பின் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்ற பிரிவுகள் இருந்தன. தமிழ் மாவட்டங்களில் ‘சூத்திரர்’ எனக் குறிக்கப்பட்டோரும் பிற சாதியாரும் பெரும்பான்மையர் என்பதைத் தரம்பால் எடுத்துக்காட்டினார். பிராமணர் மட்டுமே கற்றனர் என்ற எண்ணத்தை இது தகர்க்கிறது. ஆனால் ‘சூத்திரர்’ என்ற பிரிவில் நிலவுடைமை வேளாளரும் அடங்குவர். அப்பிரிவின் பெருக்கத்தைக் கொண்டு, வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்தனர் என்று முடிவு செய்வது தவறு. பெண்களின் நிலையில் ஐயத்துக்கே இடமில்லை: 1,88,650 பேருள் ஆண்பிள்ளைகள் 1,84,110, பெண்பிள்ளைகள் 4,540.

இவ்விடத்தில் எண்சுவடியின் மறுபக்கம் தெரிகிறது. அது வெறும் அறிவுப் பயிற்சியன்று. ஊர்க்கணக்கருக்கும் வணிகருக்கும் நிலக்கிழாருக்கும் தேவையான திறன் அது. கூலியை நெல்லாகப் பெற்ற உழைப்பாளி, தனக்கு அளந்து இடப்பட்டது சரிதானா என்று அறிய இதே வாய்ப்பாடு வேண்டும். அவன் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. நாழியும் குறுணியும் அவன் அன்றாடம் கண்டவை. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் கணக்கு மட்டும் பிறர் வாயில் இருந்தது.

ஆய்வாளரின் வருகை

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் நாட்டுப் பள்ளிகள் படிப்படியாக அரசு உதவித்தொகை அமைப்புக்குள் வந்தன. 1860களின் இறுதியில் தேர்ச்சிக்கேற்ற மானியமுறை வலுப்பெற்றது. ஆய்வாளர் முன் எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினார்களோ, அதற்கேற்ப மானியம். முன்பு ஆசிரியர் பெற்றோரிடம் நெல்லும் காசும் பெற்றார். பிள்ளையின் கணக்குத் திறனைக் களத்திலும் கடையிலும் பெற்றோரே சோதித்தனர். இப்போது சோதனை ஆண்டுக்கு ஒருநாள் நிகழும் செயலாயிற்று. அதற்கான பாடநூலைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். மனனத்தை ஒழிப்பதாகத் தொடங்கிய கல்வி, வேலையோடு தொடர்பற்ற மனனத்தை அதன் இடத்தில் வைத்தது. கற்பலகையில் எழுதிச் செய்யும் கணக்குமுறை பரவப் பரவ, பின்ன வாய்ப்பாடுகளின் தேவை சுருங்கியது. 1957இல் பதின்ம நாணயமும் அதையடுத்து மெட்ரிக் அளவைகளும் வந்தபோது மாகாணிக்கும் முந்திரிக்கும் அன்றாட வழக்கில் எஞ்சிய இடமும் போயிற்று. கால், அரை, முக்கால் மட்டும் நிலைத்தன.

‘பஞ்சமர்’ என அன்று அழைக்கப்பட்ட மக்களின் கல்விக்குச் சென்னை அரசு 1893இல் தனிச் சலுகைகளை அறிவித்தது. அடுத்த ஆண்டு அடையாற்றில் கர்னல் ஆல்காட் அம்மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அச்சிட்ட பாடநூலும் கற்பலகையும் ஆய்வாளரின் தேர்வும் நிலைபெற்ற பின்னரே அப்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது. அவர்களுடைய பெற்றோரின் கூலி அப்போதும் வயல்களில் நாழியாலும் மரக்காலாலும் அளக்கப்பட்டு வந்தது.