மரத்தில் தொங்கிய சோறு

மரக்காணம் வழியா ஈ.சி.ஆர்-ல போறப்பல்லாம் உப்பளத்துகிட்ட வண்டியை நிறுத்திடுவேன். இந்த முறை பையன் 'டிராகன் பால்' கதை சொல்லிக்கிட்டே வந்தான். கோக்கு தனியா ராடிட்ஸை ஜெயிக்க முடியலை. பின்னாலிருந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தன் எதிரி பிக்கோலோவையே நம்பி அடிக்கச் சொல்றானாம். ரெண்டு பேரும் செத்துடறாங்க.

உப்புக் குவியலைப் பார்த்ததும் எனக்கு வேதாரண்யம் ஞாபகம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பினார். சோறோ இடமோ கொடுத்தா ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு. பசியில கூட்டம் கலையும்னு கணக்கு. மனுஷன் ஊர்க்காரங்களைக் கணக்கில் சேர்க்கலை! சாலையோர மரக்கிளைகள்ல சோற்றுப் பொட்டலம் தொங்கிச்சு. கட்டினது யாருன்னு போலீஸுக்குத் தெரியாது. அடுத்த ஊர்லயும் இருக்கும்னு நம்பித்தான் நடந்தாங்க. ஏப்ரல் 30-ல் உப்பெடுத்து ராஜாஜி கைதானார். எனக்கென்னவோ பொட்டலம் கட்டினவங்கதான் பெரிசாத் தெரியறாங்க.

அப்புறம் வைரப்பன். வேதாரண்யத்து நாவிதர். சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்னு தெரிஞ்சதும் பாதியிலேயே கத்தியைக் கீழே வெச்சுட்டார். மீதியை முடின்னு கோர்ட்ல சொல்லியும் மாட்டேன்னுட்டார். ஆறு மாசம் ஜெயில்.

பையன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அந்தப் போலீஸ் பாதி தாடியோடவா கோர்ட்டுக்குப் போனாரு, அப்பா?"ங்கிறான்.